நம்ம ஊர் வானத்துக்கு ஏற்ற பூ: காஞ்சிபுரத்தில் 20 சென்ட் பாடம்



"கொஞ்சம் நிலம் இருக்கு, என்ன பூ வெச்சா காசு வரும்?" இயற்கை உழவர் கூட்டங்களில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. இதே கேள்வியோடுதான் நானும் தொடங்கினேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு ஜோடிக் கம்மலும் ஒரு வருஷ உழைப்பும். நீங்களும் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

நான் நெசவுக் குடும்பத்தில் வாக்கப்பட்டவள். காஞ்சிபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஐயங்கார்குளம் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குள் குழித்தறி, வீட்டுக்குப் பின்னால் 20 சென்ட் நிலம், ஒரு கிணறு. குழித்தறி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறிவிடும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடவும் முடியாது. தறி நின்றால் கூலி நின்றது. அந்த மாதங்களுக்கு வேறொரு வருமானம் வேண்டும் என்றுதான் பூவில் இறங்கினேன்.

2015 தை மாதம். ஒரு நாற்றுப் பண்ணையில் பூங்கொத்து ரோஜாவைக் காட்டி, "எந்த ஊரிலும் வரும், வருஷம் பூரா பூக்கும்" என்றார்கள். கம்மலை அடகு வைத்து 500 கன்று வாங்கினேன். 10 சென்டில் நட்டேன். மாசியில் பூத்தது. பெரிய பூ, நல்ல நிறம். ஊரே வந்து பார்த்தது. பங்குனி கடைசியில் பூ சிறுத்தது. கத்திரி வெயிலில் இதழ் ஓரம் கருகி, நிறம் வெளுத்து, இலைக்கு அடியில் செஞ்சிலந்தி. ஆவணியில் பாதிக் கன்றுதான் உயிரோடு இருந்தது. அந்த நவம்பரில் பெய்த மழையை நான் சொல்ல வேண்டியதில்லை. மீதியும் அழுகிப் போனது.

அந்த வருஷ மழை எல்லோரையும்தான் அடித்தது. ஆனால் உண்மையைச் சொல்லணும்னா, என் ரோஜா மழைக்கு முன்னாடியே தோற்றுவிட்டது. பக்கத்து நிலத்தில் வரப்பு மேட்டில் இருந்த பழைய முல்லைப் புதர் ஒரு வாரம் ஈரத்தில் நின்று இலை உதிர்த்தது. மாசியில் மறுபடி தளிர் விட்டது.

பூக்கடைச் சத்திரத்தில் பூக்கட்டும் ஆயா ஒருவர், என் கதையைக் கேட்டுவிட்டு நாரைப் பல்லால் கடித்தபடியே சொன்னார்: "இன்னாம்மா, தறியில உக்கார்றவங்க வூட்டுப் பொண்ணு நீ. வானத்தப் பாக்காம பாவு விரிப்பியா? பூவுக்கு மட்டும் ஏன் பாக்கல?"

அதுதான் என் முதல் பாடம்.

நடுவதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: உங்கள் ஊரில் ராத்திரி எவ்வளவு சூடு?

நாம் எல்லோரும் பகல் வெயிலைத்தான் பார்க்கிறோம். பூச்செடிக்கு ராத்திரியும் முக்கியம். பகலில் இலை சமைத்துச் சேர்த்த சர்க்கரையைச் செடி ராத்திரி மூச்சு விடச் செலவழிக்கிறது. ராத்திரி குளிர்ந்தால் செலவு குறையும், மிச்சம் பூவுக்குப் போகும். ராத்திரியும் புழுங்கினால் சேர்த்ததெல்லாம் மூச்சுக்கே போய்விடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஞ்சிபுரம் 100 மீட்டர்கூட இல்லை. ஓசூரில் நன்றாக வரும் பூங்கொத்து ரோஜா காஞ்சியின் சித்திரை, வைகாசி ராத்திரியில் சோர்ந்து போவது அதனால்தான். நம் சமவெளிக்கு ரோஜா வேண்டும் என்றால் பன்னீர் ரோஜா இருக்கிறது. பூ சின்னது, ஆனால் வெயிலைத் தாங்கும், வாசனையும் உண்டு.

இரண்டு: பெருமழை எப்போது, அப்போது செடி என்ன நிலையில் இருக்கும்?

காஞ்சிப் பகுதிக்கு இரண்டு மழை. ஆடி முதல் புரட்டாசி வரை சாயங்கால இடிமழை. ஐப்பசி முதல் மார்கழித் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. முதல் மழை நடவுக்கு நண்பன். இரண்டாவது, பூத்திருக்கும் செடிக்கு எமன்.

செவ்வந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நீளமாகும்போதுதான் அது மொட்டு வைக்கும். புரட்டாசிக்கு மேல் ராத்திரி நீளும், மொட்டு வரும், பூ விரியும் நேரம் கார்த்திகை மழை. இதழுக்குள் தண்ணீர் கோத்து அழுகும். நாம் எப்போது நட்டாலும் அதன் கடிகாரத்தை நாம் திருப்ப முடியாது. ராயக்கோட்டைப் பக்கம் அது தங்கம். எங்கள் பக்கம் சூதாட்டம்.

மூன்று: அந்தப் பூவுக்காக யார் காத்திருக்கிறார்கள்?

பூ ஒரு நாள் சரக்கு. காலையில் பறித்தது சாயங்காலத்துக்குள் போக வேண்டும். எங்களுக்கு வரதராஜப் பெருமாள், ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன் கோயில்கள் இருக்கின்றன. பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் ஊர் நடவாவிக் கிணற்றில் பெருமாள் எழுந்தருளும் நாள், வைகாசிக் கருடசேவை, நவராத்திரி என்று வருஷம் முழுக்கத் திருநாள். உங்கள் ஊரில் எது திருநாள், எந்த மாதம் கல்யாணம் அதிகம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு விதை வாங்குங்கள்.

இது புதுசு இல்லை. ராமானுஜர் காலத்து திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லிக்காரர். அங்கே நந்தவனம் வைத்து, அந்தப் பூவைக் காஞ்சி வரதருக்குச் சுமந்து வந்தார் என்பது மரபு. வண்டி வாகனம் இல்லாத காலத்தில் அவ்வளவு தூரம் கெடாமல் வர வேண்டும் என்றால், எந்தப் பூ, எந்த வேளையில் பறிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் 20 சென்டில் எது எவ்வளவு

குண்டுமல்லி, 5 சென்ட். 4 அடிக்கு 4 அடி. வரப்பு போக 120 செடி. பங்குனி முதல் ஆனி வரை உச்சம். வெயில் ஏற ஏற மொட்டு வைக்கும். இராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம்தான் தமிழ்நாட்டுக் குண்டுமல்லிக் கன்றுகளுக்குத் தாய்வீடு. அங்கிருந்து போன கன்று மதுரை மண்ணில் வளர்ந்து மதுரை மல்லியாகி, 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. கன்று எங்கிருந்து வந்தாலும் குணத்தைக் கொடுப்பது மண்ணும் வெயிலும்தான்.

முல்லை, 5 சென்ட். 5 அடிக்கு 5 அடி. 80 செடி. பங்குனியில் தொடங்கி ஐப்பசி வரை விட்டு விட்டுப் பூக்கும். கோ.1, கோ.2, பாரிமுல்லை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இரகங்கள் உண்டு. நான் நட்டது அந்தப் பக்கத்து நிலத்துப் பழைய புதரிலிருந்து எடுத்த பதியன். எங்கள் மண்ணில் நின்று பழகியது என்ற நம்பிக்கை.

ஜாதிமல்லி, 3 சென்ட். 6 அடிக்கு 5 அடி. 40 செடி. குண்டுமல்லி குறையும் ஆனி, ஆடியில் இது ஏறும். கார்த்திகை வரை கொடுக்கும். தறி நிற்கும் மாதத்தில் கையில் காசு பார்ப்பது இதில்தான்.

கனகாம்பரம், 2 சென்ட். வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. லேசான நிழல் போதும். தென்னை, முருங்கை அடியிலும் வரும். நூற்புழுதான் இதற்குப் பகை.

துலுக்கச் சாமந்தி, 3 சென்ட். ஒரு வருஷம் வைத்த இடத்தில் அடுத்த வருஷம் கனகாம்பரம் வரும்படி மாற்றுவேன். சாமந்தி வேர் நூற்புழுவைக் குறைக்கும். ஆயுத பூஜைக்கு வேண்டும் என்றால் ஆனி மூன்றாம் வாரம் விதைக்க வேண்டும். நாற்று ஒரு மாதம், நட்டதிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய 2 மாதம்.

அரளி. இதற்குத் தனி நிலம் கிடையாது, நான்கு பக்க வரப்பும் அதுதான். வறட்சி தாங்கும். ஆடு கடிக்காது. ஆனால் செடி முழுக்க விஷம், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும்.

மீதி 2 சென்டில் நடைபாதை, எருக்குழி, ஒரு பவளமல்லி, இரண்டு நந்தியாவட்டை, துளசி. பவளமல்லியை விற்பதில்லை. விடியலில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி அத்தை சாமிக்கு வைப்பார்.

மேடு இல்லாமல் பூ இல்லை

எங்கள் மண் களி கலந்த செம்மண். மழை நின்று இரண்டு நாளானாலும் தண்ணீர் நிற்கும். மல்லிகைக் குடும்பத்துக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் வேர் மூழ்கக் கூடாது. மூழ்கினால் வேரழுகல் வரும், இலையும் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக இருந்தால் உடனே டானிக் தேடாதீர்கள். முதலில் வடிகாலைப் பாருங்கள்.

ஆனியிலேயே 1 அடி உயர மேட்டுப்பாத்தி போட்டுவிடுவேன். பாத்திக்கு நடுவில் 1 அடி ஆழ வாய்க்கால், எல்லாம் நிலத்தின் தாழ்ந்த மூலையில் போய்ச் சேர வேண்டும். குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். 15 நாள் ஆறவிட்டு, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு, ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்த எரு ஒரு கை போட்டு மூடுவேன். ஆடி இடிமழையில் நடவு. பெருமழை வருவதற்குள் இரண்டு மாதம் வேர் ஓடியிருக்கும். ஐப்பசியில் நட்டால் செடி வேர் பிடிக்கும் முன் வெள்ளத்தைப் பார்க்கும்.

கவாத்து: புத்தகமும் எங்கள் கார்த்திகையும்

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டச் சொல்வார்கள். பல ஊர்களுக்கு அது சரி. எங்கள் ஊரில் அது புயல் வாரம். ஒரு தடவை அப்படியே வெட்டி, வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி 20 செடி நுனியிலிருந்து காய்ந்தது. இப்போது மார்கழி முதல், இரண்டாம் வாரத்தில், தொடர்ந்து நாலு நாள் வெயில் காய்ந்த பிறகுதான் கத்தரிக்கோல் எடுக்கிறேன். பூ இரண்டு, மூன்று வாரம் தள்ளித்தான் வரும். பரவாயில்லை, பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுகிறது.

மற்றவற்றையும் அதே போல மழையைப் பார்த்துத்தான். ஜாதிமல்லி மார்கழி நடுவில். முல்லை தை கடைசிக்குள், 45 செ.மீ. உயரத்தில். வெட்டிய பிறகு பசுஞ்சாணத்தோடு மஞ்சள்தூள் குழைத்து வெட்டுவாயில் தடவுவேன். செடிக்கு 10 கிலோ தொழு உரம் வைத்து, வெட்டிய கழிவையும் வைக்கோலையும் மூடாக்காகப் போடுவேன். நோய் பிடித்த குச்சியை மட்டும் மூடாக்கில் சேர்க்கக் கூடாது, எரித்துவிட வேண்டும்.

புழுவும் சிலந்தியும்

மொட்டுப்புழு: வெயில் ஏறும்போது வரும். மொட்டில் ஓட்டை, நூலாம்படை. காலையில் பறிக்கும்போதே பாதித்த மொட்டைத் தனியாக எடுத்து அழித்துவிட வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் அடிக்க வேண்டும்.

பூ ஈ: மொட்டு சிவந்து, சின்னதாகி உதிர்ந்தால் இதுதான். இதன் புழு மொட்டிலிருந்து மண்ணில் விழுந்துதான் கூண்டுப்புழு ஆகிறது. அதனால் மேலே மட்டும் மருந்து அடித்துப் பயனில்லை. செடியடி மண்ணைக் கொத்திக் கிளறி, வேப்பம் பிண்ணாக்கு போட வேண்டும்.

செஞ்சிலந்தி: வறண்ட வெயிலில் பெருகும். இலைக்கு அடியில் படும்படி காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

பூப்புக்கு 10 லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா, 15 நாளைக்கு ஒரு தடவை. பூ நிறைந்திருக்கும் நாளில் அடிப்பதில்லை, பூவில் வாடை நிற்கும்.

பறிப்பு

குண்டுமல்லி, முல்லையை விரியாத மொட்டாக, நன்றாக வெளுத்த பிறகு, சூரியன் ஏறும் முன் பறிக்க வேண்டும். அன்று சாயங்காலம் அது தலையிலோ, சாமி மேலோ விரியும். பச்சை மொட்டைப் பறித்தால் விரியவே விரியாது. விரிந்ததைப் பறித்தால் கடைக்குப் போவதற்குள் பழுத்துவிடும். மூங்கில் கூடையில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி விரித்துத்தான் கொண்டுபோகிறேன். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கி நிறம் மாறும்.

உதிரியாக விலை விழும் நாட்களில் நானும் மகளும் உட்கார்ந்து கட்டி, முழமாகக் கொடுத்துவிடுவோம். சித்திரை, வைகாசியில் எல்லோரிடமும் பூ இருக்கும், விலை விழத்தான் செய்யும். அதற்காகச் செடியைத் திட்டி என்ன செய்ய?

2019: அடுத்த சோதனை

2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆனியில் எங்கள் கிணறு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் இறைத்தது. அதே நேரத்தில் 40 ஆண்டுக்கு ஒரு முறை எழுந்தருளும் அத்திவரதர், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். காஞ்சியில் கால் வைக்க இடமில்லை. பூவுக்குக் கிராக்கி.

ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்து, "தினம் இவ்வளவு கிலோ தருவேன்னு சொல்லுங்க, முன்பணம் தர்றேன்" என்றார். கம்மல் அப்போதும் அடகில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. மாமா மட்டும் தறியை விட்டு எழுந்து வந்து, "கிணறு எவ்வளவு தரும்னு முதல்ல பாரும்மா. நூல் இல்லாம சேலைக்கு முன்பணம் வாங்கினா என்ன ஆகும்?" என்றார்.

அன்று சாயங்காலம் கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரத் தண்ணீரில் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. சாமந்தி நாற்றை நடாமலே விட்டேன். கனகாம்பரத்தில் பாதியைக் கைவிட்டேன். முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் தடித்த மூடாக்கு போட்டு, பானையில் சின்ன ஓட்டை போட்டுத் திரியிட்டுச் செடியடியில் வைத்தேன். அரளிக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. வியாபாரியிடம் அவர் கேட்டதில் பாதிக்கும் குறைவாக, அரளியும் முல்லையும் கொடுக்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் 48 நாளில் ஒரு நாள்கூடக் கூடை வெறுமனே போகவில்லை. கடைசி வாரம் கம்மல் வீட்டுக்கு வந்தது.

அதிகம் கொடுத்த செடி எது என்று கேட்டால், எதுவும் இல்லை. நாலு வருஷத்துக்குள் வெள்ளத்தையும் வறட்சியையும் பார்த்த நிலத்தில், சாகாமல் நின்ற செடிகளே என்னைக் காப்பாற்றின.

இன்னமும் தவறுகிறேன்

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். போன ஐப்பசிக்கு முன் முகூர்த்தச் சேலை ஒன்றை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் வாய்க்கால் தூர் எடுக்கவில்லை. மண் சரிந்து அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நின்று, கனகாம்பரம் முழுக்கப் போனது. செடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. புரட்டாசி முடிவதற்குள் மண்வெட்டியோடு ஒரு தடவை வாய்க்காலில் நடந்தே ஆக வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் வருஷம் 2 சென்ட் போதும். கன்று வாங்கும் முன் உங்கள் தெருவில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். யாருமே கவனிக்காத வேலியில், பத்து வருஷமாகத் தண்ணீர் ஊற்றாமல் எந்தப் பூ பூத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் அது எந்த மாதம் பூக்கும், எந்த மாதம் ஓயும் என்று கேளுங்கள். ஒரு குச்சியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆடி முதல் மழையில் மேட்டில் நடுங்கள்.

எங்கள் சேலையில் மல்லிமொக்கு என்று ஒரு புட்டா உண்டு. மாமா அதைத் தறியில் போடும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு உன் மொக்கு எவ்வளவு?" என்று கேட்பார். சில நாள் 3 கிலோ, சில நாள் கால் கிலோ. ஒன்றுமில்லை என்று சொல்லும் நாள் இப்போது குறைவு.